இறக்கை நடுவில் ஒரு கவட்டை: காளான் ஈயைப் படத்தில் அறிவது

சென்னையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், மாடித்தோட்டப் பைகளில் நிரப்பிய தென்னை நார்க்கழிவு பல நாள் உலராமல் கிடக்கும். அதில் படரும் பூஞ்சையையும் மக்கும் பொருளையும், சில வேளைகளில் இளவேர்களையும் தின்று வளரும் புழுக்களிலிருந்து சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கரிய காளான் ஈக்கள் வெளிவருகின்றன. காளான் வளர்ப்போர் இவற்றைச் சியாரிட் ஈ என்பர். மற்றவர்கள் கொசு என்று எண்ணி அடித்துவிடுவர். நிறமும் அளவும் பல சிறு பூச்சிகளுக்குப் பொதுவானவை என்பதால், படத்தை வைத்து இவற்றை அறிய நம்பத்தக்க இடம் இறக்கை நரம்புகளே.

பூச்சிகளின் நரம்புகளுக்குப் பொதுவான பெயர்முறையை அமெரிக்கப் பூச்சியியலாளர்களான காம்ஸ்டாக்கும் நீதமும் 1898-இல் முன்வைத்தனர். அதன்படி முன்விளிம்பில் ஓடுவது காஸ்டா. அதற்குப் பின்னே ரேடியஸ், நடுவில் மீடியா, பின்னால் கியூபிட்டஸ். சியாரிட் ஈயின் மீடியா ஒற்றைக் காம்பாக வந்து, இறக்கையின் வெளிப்பாதியில் கவட்டைக் குச்சியைப் போல இரண்டாகப் பிரிந்து விளிம்பைத் தொடுகிறது. கியூபிட்டஸும் பிரிகிறது, ஆனால் இறக்கையின் அடிப்பகுதிக்கு அருகிலேயே. இந்த இரண்டாவது பிரிவைத்தான் பலரும் முதலாவதாக எண்ணிக் குழம்புகின்றனர். கொசுவைப் போலத் தோன்றினாலும் கடிக்காத கைரோனாமிட் பூச்சிகளில் பின்பிரிவு மட்டுமே உண்டு, நடுக் கவட்டை கிடையாது. காளான் குடில்களில் சியாரிட்டுடன் சேர்ந்தே திரியும் ஃபோரிட் ஈயிலோ, முன்விளிம்பில் தடித்த நரம்புகள் பாதியிலேயே முடிந்துவிட, எஞ்சிய பரப்பில் மெல்லிய சாய்கோடுகள் மட்டுமே தெரியும்.

கடினமானது காளான் ஈக்களின் மற்றொரு குடும்பமான மைசெட்டோஃபிலிடேயைப் பிரிப்பது, ஏனெனில் அவற்றிலும் பெரும்பாலும் நடுக் கவட்டை உண்டு. சியாரிட்டில் ரேடியஸையும் மீடியாவையும் இணைக்கும் குறுக்கு நரம்பு நீண்டு, ரேடியஸின் பின்கிளையோடு ஒரே கோட்டில் படுத்திருப்பதால், குறுக்கு நரம்பாகவே தோன்றாது. ஐயம் நீங்காவிட்டால் தலையைப் பார்க்கலாம்: சியாரிட்டின் இரு கண்களும் உணர்கொம்புகளுக்கு மேலே ஒரு குறுகிய பாலமாக இணைந்திருக்கும்.

இவ்வளவும் தெரிய, படம் எடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். அமர்ந்திருக்கும் ஈ இறக்கைகளை முதுகின்மேல் ஒன்றன்மீது ஒன்றாக மடித்து வைப்பதால், இரண்டின் நரம்புகளும் கலந்து, இல்லாத குறுக்குக் கோடுகள் தெரியும். மஞ்சள் ஒட்டுப்பொறியில் சிக்கியதைப் படமெடுப்பதும் வீண். பசை நரம்புகளை மழுக்கிவிடுகிறது. இறந்த ஈயின் ஓர் இறக்கையை விரித்து, வெண்பரப்பின்மேல் கேமராவுக்கு இணையாகக் கிடத்தி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சினால் நரம்புகள் தெளிவாகும். கரும்பரப்பு வேண்டாம் என்பது என் கருத்து. மெல்லிய சவ்வில் ஒளி எதிரொளித்து உண்டாகும் வானவில் நிறங்கள் அழகாக இருந்தாலும், நரம்புகளைத் தேடும் கண்ணுக்கு அவை இடைஞ்சல்.

உருப்பெருக்கம் போதுமானால் நரம்புகளின் மேலுள்ள மயிர்களையும் காணலாம். பிராடிசியா என்னும் சியாரிட் பேரினத்தில் மீடியாவும் கியூபிட்டஸும் மயிரின்றி மொட்டையாக இருக்கும். வேறு சில பேரினங்களில் அவற்றின் மேலும் மயிர் உண்டு. இந்த அடையாளம் பேரினத்தைக் குறுக்கித் தருமே தவிர, சிற்றினப் பெயரைத் தராது. அதற்கு ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் பதித்து ஆராய வேண்டும். பெண் பூச்சியாக இருந்தால் நுண்ணோக்கியும் பல சமயம் கைகொடுக்காது.