ரிம்ஃபயர்: துப்பாக்கியில் தேடினால் கிடைக்காத ரிம்

நாகர்கோவிலில் எந்த சைக்கிள் கடையில் கேட்டாலும் ‘ரிம்’ என்றால் சக்கர வளையம். கோணிப்போனால் ஆரக்கம்பியை முறுக்கி நேராக்கித் தருவார்கள். அந்த நினைப்பில்தான் பக்கத்து வீட்டுப் பையன், என்.சி.சி. முகாமில் ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்தவன், என்னிடம் கேட்டான்: “மாமா, ரிம்ஃபயர்னு சொன்னாங்க. துப்பாக்கிய முழுக்கத் தடவிப் பாத்தேன், ரிம்ம காணல.”

காணாது. ரிம் இருப்பது தோட்டாவில். ரிம்ஃபயர் என்பது முதலில் தோட்டாவின் பெயர். அந்தத் தோட்டாவைச் சுடுகிற பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் பிறகு ஒட்டிக்கொண்டது.

ஒரு .22 தோட்டாவைக் கையில் எடுத்தால் பித்தளைக் கூட்டின் அடிப்பக்கம் ஆணித்தலை மாதிரி கொஞ்சம் வெளியே பிதுங்கியிருக்கும். அதுதான் விளிம்பு. அந்த விளிம்பின் மடிப்புக்குள், அடிபட்டால் வெடிக்கிற மருந்தைச் சுற்றிலும் பரப்பியிருப்பார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் சுருள் கேப்பில் உள்ள பொட்டு செய்கிற வேலையை இங்கே இந்த விளிம்பு செய்கிறது. விசையை இழுத்ததும் ஊசி விளிம்பில் ஓரிடத்தைக் குத்தி நசுக்கும். உள்ளே பொறி பறக்கும், பெரிய மருந்து பற்றிக்கொள்ளும், ஈயக்குண்டு கிளம்பும். போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் 9 மி.மீ. வகையில் பொறிமருந்து தனிச் சிறு கிண்ணமாக நடுவில் பதிந்திருக்கும். அது சென்டர்ஃபயர். அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் புதிது மாட்டிக் கூட்டை மறுபடி நிரப்பலாம். விளிம்பு நசுங்கிய கூட்டின் கதை ஒரே வெடியோடு முடிந்தது.

இப்படி எல்லாம் ஒரே கூட்டுக்குள் வந்தது பெரிய மாற்றம். 1741இல் குளச்சல் போரில் சுட்டவர்களுக்கு மருந்து தனி, குண்டு தனி. குழலின் வாய்வழியே இடித்து இறக்கவேண்டும். அந்தப் போரில் பிடிபட்ட டச்சுப் படையின் டிலனாய் பின்பு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்குத் தளபதியாகி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்ததும் அந்த வாய்வழிக் காலத்தில்தான். நூறு ஆண்டு கழித்து, 1845 வாக்கில், ஃப்ளோபெர் என்ற பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே பொழுதுபோக்காகச் சுடுவதற்குச் சின்ன விளிம்புத் தோட்டாவைச் செய்தார். ஆக, பிறக்கும்போதே இது விளையாட்டுச் சாமான். 1857இல் ஸ்மித் அண்ட் வெசன் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி இதை நீட்டி ‘.22 ஷார்ட்’ ஆக்கியது. இன்று எல்லோரும் சுடும் ‘.22 லாங் ரைஃபிள்’ 1887இல் வந்தது. பெயரில் ரைஃபிள் இருக்கிறதே என்று குழம்பவேண்டாம், பிஸ்டலுக்கும் அதே தோட்டாதான்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘ரிம்’ பழைய ஆங்கிலத்தில் ‘ரிமா’. ஓரம், எல்லை என்று பொருள். கடற்கரையைக் கடலின் ரிமா என்றே சொல்லியிருக்கிறார்கள். முக்கடல் ஓரத்தில் குடியிருக்கும் நமக்கு இது புரியாததல்ல. ‘பிஸ்டல்’ செக் மொழியின் ஊதுகுழலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. நம் ‘துப்பாக்கி’ துருக்கிச் சொல்லின் வழிவந்தது. குமரிப் பாறையில் நிற்கும் வள்ளுவரின் பன்னிரண்டாம் குறளிலும் ‘துப்பாக்கி’ உண்டு என்று யாராவது மடக்கப் பார்ப்பார்கள். அது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய பேச்சு. சுடுகிற சாமானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ரிம்ஃபயருக்குத் தமிழ் என்ன? ‘விளிம்புத்தீ’ என்று போட்டால் அடுப்பங்கரை ஞாபகம் வருகிறது. ‘ஓரச்சுடு’ என்றால் ஓரமாக நின்று சுடுவதாகத் தோன்றும். ‘சுடு’ பொதுவாகவே பாரம் தூக்கும் சொல். தோசையும் சுடுவோம், துப்பாக்கியும் சுடுவோம். ‘விளிம்படி’ எனக்கு முதலில் பிடித்திருந்தது, ஆனால் வாசிப்பவர் அடியைப் பாதம் என்று எடுத்துக்கொள்ளலாம். என் வாக்கு ‘விளிம்புவெடி’க்கு. மலையாளத்தில் துப்பாக்கி தோக்கு, சுடுவது வெடிவைப்பது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு இந்தப் பேச்சு அன்னியமல்ல. வெடி தமிழுக்கும் சொந்தச் சொல். விளிம்பில் நடப்பதும் வெடிதானே? அப்படியானால் சென்டர்ஃபயர் நடுவெடி. விளிம்புவெடித் தோட்டா, நடுவெடித் தோட்டா, விளிம்புவெடிக் கைத்துப்பாக்கி: சொல்லிப் பார்த்தால் நாக்கு தடுக்கவில்லை. ‘குதிரை’ என்ற பழைய சொல்லையும் விடக்கூடாது. ஊசியைத் தட்டும் சுத்தியலுக்கு அதுதான் பெயர்.

பிஸ்டல்களை ஒப்பிட்டுப் பேசும்போதும் விளிம்பை விட்டு விலக முடியாது. உதாரணத்துக்கு, தோட்டா இல்லாமல் வெறும் விசை இழுப்பது. நடுவெடியில் பெரும்பாலும் பாதகமில்லை. விளிம்புவெடியில் ஊசி குத்தவேண்டிய விளிம்பு அங்கே இல்லாததால், பல பிஸ்டல்களில் அது குழலின் பின்பக்கம் தோட்டா நுழையும் ஓரத்தையே இடித்துத் தழும்பாக்கும். அமெரிக்க ரூகர் கம்பெனியின் மார்க் வரிசைப் பிஸ்டல்களில் ஊசியைத் தடுக்க உள்ளே ஒரு குறுக்காணி உண்டு. அதைத் துப்புரவு செய்யும்போது மறந்துபோய் வெளியே விட்டால் பாதுகாப்பும் போச்சு. அமெரிக்காவில் சிலர் சுவரில் திருகாணிக்கு வைக்கும் பிளாஸ்டிக் ரால் பிளக்கைத் தோட்டா இடத்தில் செருகிப் பயிற்சி செய்கிறார்கள். நாலு ரூபாய் யோசனை!

மருந்து மடிப்புக்குள் சீராகப் பரவாத தோட்டாவும் வரும். ஊசி குத்தியும் வெடிக்காது. உடனே திருப்பிப் பார்க்கக்கூடாது. குழலை இலக்கை நோக்கியே வைத்துக் கொஞ்சம் பொறுக்கவேண்டும், தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும். இதனால் ஒரே பிஸ்டல் ஒரு கம்பெனித் தோட்டாவில் ஒழுங்காகச் சுடும், இன்னொன்றில் மக்கர் பண்ணும். ‘எது நல்ல பிஸ்டல்’ என்ற சண்டையில் பாதி உண்மையில் தோட்டாவைப் பற்றியது.

மீதிப் பாதி கைப்பிடியும் விசையும். ரூகர், பிரௌனிங் பக்மார்க், ஸ்மித் அண்ட் வெசன் 41 மூன்றிலும் தோட்டாப்பெட்டி (மேகசின்) கைப்பிடிக்குள். போட்டிக்கென்றே செய்த பார்தினி எஸ்.பி., வால்தர் ஜி.எஸ்.பி. இரண்டிலும் அது விசைக்கு முன்னால். எடை முன்பக்கம் சாய்ந்து கை ஆடாமல் நிற்கும். கைப்பிடியையும் உள்ளங்கைக்கு ஏற்றபடி மரத்தில் கடையலாம். 25 மீட்டர் போட்டியில் விசை குறைந்தது 1000 கிராம் இழுவை தாங்கவேண்டும், பிஸ்டல் 1400 கிராமைத் தாண்டக்கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கியதும் இந்த விளிம்புவெடியில்தான். விளையாட்டுக்கு வாங்குவதானால் என் ஓட்டு பார்தினிப் பக்கம். சும்மா டப்பா சுட என்றால் ரூகர் போதும். 2016இல் வந்த மார்க் 4 ஒரு பொத்தானில் பிரிந்துவிடுகிறது, பழைய மார்க்கைப் பிரித்தவர்கள் திரும்பப் பூட்ட முடியாமல் பட்ட பாடு பெரும்பாடு. நமக்கு இதெல்லாம் பேச்சளவில்தான். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதனால் இங்கே பெரும்பாலோர் ஏர் பிஸ்டலில் தொடங்குகிறார்கள். பக்கத்தில் பார்க்கவேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் 2015 தேசிய விளையாட்டுக்காக அமைத்த வட்டியூர்க்காவு சுடுதளம் இருக்கிறது.

பையனுக்கு இவ்வளவையும் சொன்னேன். “எதுக்கு மாமா, நான் பாயிண்ட் டூ டூன்னே சொல்லிக்கிறேன்” என்றான். சரி, ஆனால் அது அகலம் மட்டும். ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு, 5.6 மி.மீ. கடையில் தொங்கும் காற்றுத் துப்பாக்கியிலும் பாயிண்ட் டூ டூ உண்டு, அதில் வெடியே கிடையாது. ‘.22 ஹார்னெட்’ என்றொரு தோட்டா உண்டு, அது நடுவெடி. ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் 5.56 மி.மீ., அதுவும் ஏறக்குறைய அதே அகலம், அதுவும் நடுவெடி.

“அப்போ நான் சுட்டது?”

“விளிம்புவெடி பாயிண்ட் டூ டூ.”