குழப்படி எண்டு கூட்டிக்கொண்டு வாற பிள்ளையள்

போன வருஷம் என்னட்டத் தெரபிக்கு ஒரு அம்மா வந்தவ, வெள்ளவத்தையில 4ஆம் மாடி ஃபிளாட், 5 வயசுப் பெடியன். கதவுக்குள்ள கால் வைக்க முந்தியே "மிஸ், இவன் சரியான குழப்படி, கோவிக்காதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டா. அவன் நுனிக்காலில ஓடி வந்து, கதிரையில மோதி, சுவரில கையைத் தேய்ச்சுக்கொண்டே போய் மூலையில கிடந்த பெரிய குஷனுக்கு மேல தொப்பெண்டு விழுந்தான். எழும்பினான், திரும்ப விழுந்தான். நான் எண்ணினன், 11 தரம். அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்திட்டுது, நேர்சரியிலயும் இதுதானாம், மற்றப் பிள்ளையளுக்கு மேல போய் விழுறானாம், கீழ் வீட்டுக்காரர் குதிக்கிற சத்தத்துக்கு மேல ஏறி வந்து பெல் அடிக்கினமாம்.

நான் அவவிட்ட கேட்டது, விழுந்தாப்பிறகு அவன்ர முகத்தைப் பாத்தனீங்களோ எண்டு. ஒவ்வொரு தரமும் விழுந்து ரெண்டு மூண்டு செக்கன் அசையாமல் கிடப்பான், தோள் இளகும், நல்லா ஒரு மூச்சு விடுவான். பிறகு திரும்ப அந்தரம் வந்திடும், ஓடுவான். அவன்ர உடம்பு தேடினது அந்த ரெண்டு மூண்டு செக்கனைத்தான். நான் ஒக்குபேஷனல் தெரபிஸ்டா, அதாவது பிள்ளையளை அண்டாட வேலையளுக்குப் பழக்கிற ஆளா, வேலை செய்யிற இவ்வளவு காலத்தில குழப்படி எண்டு கூட்டிக்கொண்டு வந்த எத்தினையோ பிள்ளையளில இதைப் பாத்திருக்கிறன், அதாலதான் இதை எழுதுறன்.

எங்களுக்கு அஞ்சு புலன் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள், ஆனா அதுக்கு மேலயும் இருக்கு. ஒண்டு உள்காதில, அரைவட்டக் குழாய் மூண்டும் அதுக்குப் பக்கத்தில சின்னச் சின்னக் கல்லு மாதிரித் துகள்களும் சேர்ந்து தலை எந்தப் பக்கம் ஆடுது, சுத்துது, சரியுது எண்டு மூளைக்குச் சொல்லும், அதை வெஸ்டிபியூலர் எண்டுவம். மற்றது தசையிலயும் மூட்டிலயும் இருந்து வாற சேதி, புரோப்பிரியோசெப்ஷன், கண்ணை மூடிக்கொண்டும் சோத்தை நேரா வாயில வைக்க ஏலுறது அதாலதான். இந்தச் சேதி எல்லாம் மூளையில ஒழுங்கா வந்து சேராட்டி பிள்ளைக்கு என்ன நடக்கும் எண்டு முதல் முதல் பெரிசா எழுதினவ ஜீன் ஏர்ஸ் எண்ட அமெரிக்க தெரபிஸ்ட், அவவின்ர முதல் புத்தகம் வந்தது 1972இல. சில பிள்ளையளுக்குச் சேதி கூடிப்போகும், மிக்சி சத்தமும் சட்டை லேபிளும் ஊசி குத்தின மாதிரி இருக்கும். சிலருக்குச் சேதி காணாது, அதால மோதி, குதிச்சு, கடிச்சு அதைத் தேடுவினம். ஒரே பிள்ளைக்கு சத்தத்தில கூடுதல், அசைவில குறைவு எண்டும் இருக்கலாம்.

ஒரு விசயத்தையும் மறைக்காமல் சொல்லோணும். இந்தப் புலன் சிக்கலுக்குத் தனி வருத்தம் எண்டு பேர் வைக்கிறதில டொக்டர்மாருக்குள்ளயே ஒத்த கருத்தில்லை. 2012இல அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் இதைத் தனி நோய்ப் பேரா எழுதவேண்டாம் எண்டு சொன்னது, 2013இல டிஎஸ்எம்-5 எண்ட, மனநல வருத்தங்களை வகைப்படுத்துற அமெரிக்கப் புத்தகம் வரேக்க ஓட்டிசத்தின்ர அறிகுறிகளில ஒண்டா இதைச் சேர்த்தவை. 2022இல பிரிட்டனில ஓட்டிசப் பிள்ளையளில செய்த பெரிய ஆய்விலயும் சென்சரி தெரபியால, அதாவது இந்தப் புலன்களுக்குக் குடுக்கிற பயிற்சியால, எரிச்சல், கோபம் வழமையான கவனிப்பை விடக் குறைஞ்சதாத் தெரியேல்லை, ஆனா பெற்றோர் கேட்ட சின்னச் சின்ன இலக்குகளில முன்னேற்றம் கண்டவை. அதால "இத்தினை செஷனில சுகமாக்கித் தாறம்" எண்டு பக்கேஜ் விக்கிற ஆக்களிட்டக் காசைக் குடுத்திட்டு வராதேங்கோ. நான் பெற்றோரோட இருந்து முடிவெடுக்கிறது "சீப்பால தலை இழுக்கேக்க அழாமல் இருக்கோணும்", "சாப்பாட்டு மேசையில 10 நிமிஷம் இருக்கோணும்", இந்த அளவுதான்.

அந்தப் பெடியனுக்கு நான் முதல் குடுத்தது ஒரு 5 கிலோ அரிசிப் பை. பெட்சீட்டில வைச்சு, இது லொறி, கடைக்குச் சாமான் கொண்டுபோகோணும் எண்டன். இழுத்தான். காலை ஊண்டி, பல்லைக் கடிச்சு, நுனிக்கால் போய் முழுப்பாதமும் நிலத்தில பட அறையைச் சுத்தி நாலு தரம் இழுத்தான், பிறகு தானாவே பைக்கு மேல படுத்து "மிஸ், கடை பூட்டியாச்சு" எண்டான். அதுதான் அண்டைக்கு அவன் எனக்குச் சொன்ன முதல் வசனம். தசைக்கு வேலை குடுக்கிற இப்பிடியான பாரவேலை கனபிள்ளையளை அமைதிப்படுத்தும், அதுக்கு விலைகூடின சாமான் ஒண்டும் தேவையில்லை. ரொட்டிக்கு மா குழைக்க விடுங்கோ, தோய்ச்ச உடுப்பு வாளியைப் பல்கனிக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கோ, லிஃப்டை விட்டிட்டுப் படியால ஏறுங்கோ, "சுவர் விழுகுது, பிடி பிடி" எண்டு ரெண்டு கையாலயும் தள்ள விடுங்கோ. நேர்சரிக்கு வெளிக்கிட முதலும், ஹோம்வேர்க்குக்கு இருத்த முதலும் 10 நிமிஷம் செய்து பாருங்கோ. மூச்சு முட்டிற அளவு பாரம் குடுக்கக் கூடாது.

எங்கட அம்மம்மாக்கள் காலத்தில இது எல்லாம் முத்தத்திலயே நடந்தது, கிணத்தில தண்ணி அள்ளி, மரத்தில ஏறி, கிளித்தட்டு ஓடி, சீலையில கட்டின ஏணையில ஆடி வளந்தவை. கொழும்பில ரெண்டு ரூம் ஃபிளாட்டில, வானில ஸ்கூலுக்குப் போய் வானில டியூஷனுக்குப் போற பிள்ளைக்கு அது எங்க கிடைக்கும்? கிழமையில ரெண்டு நாளாவது வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ, காலிமுகத்திடலில பட்டம் விடுங்கோ, விகாரமகாதேவி பூங்காவில புல்லில உருள விடுங்கோ, கல்கிசை மணலில ஈரமணலைத் தோண்ட விடுங்கோ. மரைன் டிரைவ் பக்கம் போறவை கையை விடாதேங்கோ, ரெயில் பாதை கடலுக்கு முன்னால போகுது, ஓடுற பிள்ளை நிண்டு பாக்காது.

ஆடுறதில கவனம் வேணும். முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவா ஆடுறது பொதுவா அமைதியாக்கும், வேகமாச் சுத்துறது உசுப்பிவிடும். முகம் வெளிறினா, வேர்த்தா, சத்தி வாற மாதிரி எண்டா உடன நிப்பாட்டோணும், சிலவேளை கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அது தெரியும். வலிப்பு வந்த பிள்ளை எண்டா டொக்டரைக் கேக்காமல் சுத்த விடவேண்டாம். பெட்சீட்டில சுத்தி "ரோல்ஸ்" விளையாடேக்க தலை எப்பவும் வெளியில இருக்கோணும், பிள்ளை தானா அவிழ்த்துக்கொண்டு வரவும் ஏலோணும். பாரமான போர்வையை ஒன்லைனில வாங்கிச் சின்னப்பிள்ளையைப் படுக்க வைக்காதேங்கோ.

தொட்டா அழுற பிள்ளையின்ர கதை வேற. கொட்டாஞ்சேனையில இருந்து வாற 7 வயசுப் பிள்ளை, காலமை தலை இழுக்கிறது யுத்தம்தான், அம்மம்மா பிடிக்க அம்மா இழுக்க மூண்டு பேரும் அழுது முடிச்சுத்தான் ஸ்கூலுக்குப் போறது. மெதுவாத் தடவுறது இப்பிடியான பிள்ளைக்கு எரிச்சல், அழுத்தித் தொடுறதைத் தாங்குவினம். அதால முதல் உள்ளங்கையால தலையை அமத்தி 10 எண்ணுறது, கண்ணாடிக்கு முன்னால இருந்து சீப்பு வாறதை அவ பாக்கிறது, நுனியில இருந்து சிக்கெடுக்கிறது, முதல் பத்து இழுவை அவவே இழுக்கிறது. ரெண்டு மாசம் எடுத்தது. இப்பவும் அழுற நாள் இருக்கு, ஆனா ஒருத்தரும் பிடிக்கிறேல்லை. சோத்தைக் கையால தொடாத பிள்ளைக்கும் இதே முறைதான், சுளகில காஞ்ச பயறைப் பரப்பி சோடா மூடியை ஒளிச்சு வைச்சுத் தேட விடுங்கோ, பிறகு ஊறின பயறு, பிறகு குழைச்ச மா. பலவந்தமாக் கையைப் பிடிச்சு அமத்தினா அண்டையோட அந்த விளையாட்டு முடிஞ்சுது, பிள்ளை முன்னுக்குப் போகோணும், நாங்கள் பின்னால.

கோயிலில மேளம், கலியாண ஹோலில டிஜே, ஆடிவேல் சனம், இதுக்குள்ள காதைப் பொத்திக்கொண்டு கத்துற பிள்ளையை "பழக்கம் இல்லை" எண்டு நடுவில கொண்டுபோய் நிப்பாட்டுறவை இருக்கினம், தயவுசெய்து செய்யாதேங்கோ. வெள்ளனப் போங்கோ, வெளியில போற வழியைப் பிள்ளைக்குக் காட்டி வையுங்கோ, காதுக்கு மூடி கொண்டுபோங்கோ, ஆனா நாள் முழுக்கப் போட்டுவிடாதேங்கோ, பிறகு சின்னச் சத்தமும் தாங்காது.

பேர் சொல்லிக் கூப்பிடத் திரும்பாட்டி, கதை பிந்தினா, கதைச்ச பிள்ளை கதைக்கிறதை விட்டிட்டா வீட்டு விளையாட்டோட காத்துக்கொண்டிருக்காமல் உடன மிட்வைஃபிட்டயோ எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கிலயோ சொல்லுங்கோ, காதையும் செக் பண்ணச் சொல்லிக் கேளுங்கோ. பொரளை லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அங்க இருந்தே கடிதம் எடுக்கலாம். தமிழில கதைக்கிற தெரபிஸ்ட்மார் கொழும்பில காணாதுதான், அதால சிங்களம் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனா நல்லது.

வரேக்க ஒரு கொப்பியில ஒரு கிழமைக்கு எழுதிக்கொண்டு வாங்கோ, எத்தினை மணிக்குக் கத்தினவர், அதுக்கு முதல் என்ன நடந்தது, என்ன சத்தம், என்ன உடுப்பு, கடைசியா என்ன செய்ய அடங்கினவர். அந்தப் பெடியன்ர அம்மா எழுதிக்கொண்டு வந்த கொப்பியில கனநாள் பின்னேரம் 4 மணிக்குத்தான் குழப்படி, வானில ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வந்து இறங்கின உடன. இப்ப அவன் வானால இறங்கி, தன்ர பாக்கைத் தானே தூக்கிக்கொண்டு 4 மாடியும் படியால ஏறுறான்.