சுருட்டிய இலைக்குள் ஒரு குடித்தனம்

காரைக்காலிலிருந்து வந்திருந்த என் மாமா, பாதையோரத்தில் சுருண்டிருந்த இலை ஒன்றைக் கண்டதும் கையை நீட்டினார். "புழு வச்சிருக்கு பாரு" என்றார். நாற்பது வருஷமாகத் தோட்டம் வைத்திருப்பவர். சுருண்ட இலையைக் கண்டால் கிள்ளி எறிவது அவருக்குக் கைப்பழக்கம். "தொடாதீங்க மாமா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இலை பாதி பிரிந்துவிட்டது. உள்ளே இருந்து பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி தலையை நீட்டி, வாயை அகலத் திறந்து, பின்னங்கால்களை வயிற்றில் தேய்த்தது. உப்புத்தாளை மரத்தில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். மாமா கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் மலைப்பாதை வழிகாட்டியாக இருக்கிறேன். பகலில் எரிமலைக்குக் கூட்டிப் போவேன். கேட்பவர்களுக்கு இரவில் பிளேன் தே பால்மீஸ்த் பக்கத்து மழைக்காட்டைக் காட்டுவேன். சேன் ஆந்த்ரே ஊரிலிருந்து மல்பார் குடும்பங்களும் வருவதுண்டு. தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பலருக்கும் தமிழ்ப்பேச்சு விட்டுப்போயிற்று, தீமிதியும் காவடியும் விட்டுப்போகவில்லை. யாரோடு போனாலும் சுருண்ட இலையிடம் கை தானாகப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பூச்சிக்குத் தமிழில் தனிப்பேர் இருப்பதாகத் தெரியவில்லை. சுவர்க்கோழிக்கும் வெட்டுக்கிளிக்கும் தூரத்துச் சொந்தம்; அறிவியலில் கிரில்லாக்ரிடிடே என்று ஒரு தனிக் குடும்பம். நான் என் குழுக்களிடம் 'இலை தைக்கும் பூச்சி' என்று சொல்லிவிடுகிறேன். சுவர்க்கோழியைப் போல இறகை உரசிப் பாடாது. நான் இங்கே பார்ப்பவற்றுக்கு இறகே கிடையாது. முன்னங்காலில் காதும் இல்லை. எதிரி வந்தால் காலை வயிற்றுப் பக்கத்து முட்களில் தேய்த்து எழுப்பும் கரகரப்புதான் அதன் ஒரே மிரட்டல். குஞ்சுகளும் இதைச் செய்யும். அது கோபமில்லை, பயம். கடித்தால் சுருக்கென்று வலிக்கும், விஷம் இல்லை.

ஆனால் இதன் பெருமை வாயில் இருக்கிறது. இது வாயிலிருந்து பட்டு நூற்கும். பட்டுப்புழு கூடு கட்டும் பருவத்தோடு நூற்பை முடித்துவிடும், அந்துப்பூச்சியான பிறகு நூல் கிடையாது. நம்மூர் மாமரத்தில் இலைகளை ஒட்டவைக்கும் முசுறு எறும்புக்கும் சொந்த நூல் இல்லை. தன் புழுவை வாயில் கவ்விக்கொண்டு அதன் நூலால்தான் தைக்கும். இந்தப் பூச்சிக்கோ குஞ்சாக இருக்கும்போதும் நூல் உண்டு, வளர்ந்த பிறகும் உண்டு. வெட்டுக்கிளி இனத்தார் மொத்தத்திலும் இப்படிப் பட்டு நூற்பது இந்தக் குடும்பம்தான். உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற ஒன்றிலிருந்து வருகிறது. சில சமயம் நூலாக, சில சமயம் மெல்லிய படலமாக.

இதை நான் எப்படிப் பார்த்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஏதாவது காட்டியாக வேண்டுமே என்று நானே இலையைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் படம் எடுப்பார்கள், நகர்ந்துவிடுவோம். ஒருநாள் மழை வலுத்து, குழு முன்னால் ஓடிவிட, நான் மட்டும் பிரித்த இலையருகே ஒதுங்கி நின்றேன். பூச்சி திரும்பி வந்தது. இரண்டு ஓரங்களையும் காலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டியது, தறியில் நாடா ஓடுகிற மாதிரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு இழை. தலைவிளக்கின் வெளிச்சத்தில் இழை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஓரம் நழுவினால் மறுபடி இழுக்கும், மறுபடி தைக்கும். ஊரில் மந்தார இலையை ஈர்க்குச்சியால் தைக்கும் பாட்டிகளுக்கும் இவ்வளவு பொறுமை இருந்திருக்காது. ஒரு படத்துக்காக அத்தனை வேலையை நான் கலைத்திருந்தேன். அன்றோடு பிரிப்பதை விட்டேன்.

பிரிக்காமலே பார்க்கலாம். பகல் முழுக்க அது உள்ளே கிடக்கும், இருட்டிய பிறகுதான் வெளியே வரும். விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் பெரும்பாலான பூச்சிகளின் கண்ணுக்கு அவ்வளவாக எட்டாது. இரண்டடி தள்ளி உட்காருங்கள், பேச வேண்டாம், கிளையை அசைக்க வேண்டாம். முதலில் வருவது மீசைதான், உடம்பைவிட நீளமானது. அது காற்றைத் துழாவி முடித்த பிறகு தலை வரும். கரகரவென்று சத்தம் கேட்டால் நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்கிவிடுங்கள். அப்புறம் ஒன்று: இரை தேடிவிட்டு விடிவதற்குள் அது தன் வீட்டுக்கே திரும்பும். தன் கூட்டைத் தன் வாசனையை வைத்து அடையாளம் காண்கிறது என்று இதே குடும்பத்துப் பூச்சிகளை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. இலையைக் கிள்ளி எறிந்தால் விலாசமும் போய்விடும்.

இனி இந்தத் தீவின் கதைக்கு வருகிறேன். ஆங்கிரேகம் கடேட்டி என்று ஒரு ஆர்க்கிட், வெளிர்பச்சைப் பூ. ரீயூனியனையும் மொரீசியஸையும் தவிர உலகில் எங்கும் இல்லை. இதன் நெருங்கிய உறவான இரண்டு ஆர்க்கிடுகளில் மகரந்தம் சுமப்பது சிறிய வெள்ளைக்கண்ணிக் குருவிகள். இதற்கு யார்? கிளேர் மிஷெனோ, ழாக் ஃபூர்னெல் என்ற இரு ஆய்வாளர்கள், அசைவு கண்டால் இருட்டிலும் படம்பிடிக்கும் காமிராவைச் செடிமுன் வைத்தார்கள். அதில் மாட்டியது நம் இலை தைக்கும் பூச்சி. இலை வழியே ஏறியோ, பக்கத்துச் செடியிலிருந்து தாவியோ வருகிறது, பூவுக்குள் தலையைவிட்டுத் தேன் குடிக்கிறது, தலையில் மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போகிறது. தேன்குழலின் வாயும் அதன் தலையும் ஒரே அளவு. பூவைத் தின்பதில்தான் வெட்டுக்கிளி வகையறாவுக்குப் பேர். அவற்றில் ஒன்று பூவுக்கு மகரந்தம் சுமப்பதாக நிரூபணமானது அதுவே முதல் முறை. 2010இல் அதற்குக் குளோமெரெமஸ் ஆர்க்கிடோஃபிலஸ் என்று பேர் வைத்தார்கள். 'ஆர்க்கிடை விரும்பி' என்று பொருள். அதே வருஷம்தான் இந்த மலைகள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

இதைச் சொல்லும்போதெல்லாம் மல்பார் பெரியவர்கள் வனிலாவுக்குத் தாவிவிடுவார்கள், நியாயம்தான். வனிலாவும் ஆர்க்கிட், மெக்சிகோவிலிருந்து வந்தது. இங்கே பூத்தது, காய்க்கவில்லை, மகரந்தம் சேர்க்க ஆளில்லை. 1841இல் சேந்த் சூசானில் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் அதைச் செய்து காட்டினான். இன்றும் ஒவ்வொரு பூவாகக் கையால்தான் செய்கிறார்கள். கடேட்டிக்கு அந்தக் கூலிவேலையை இரவில் ஒரு பூச்சி சும்மா செய்துகொடுக்கிறது.

சிவப்புக் கொய்யா பறிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கொய்யா வெளியிலிருந்து வந்து காட்டை நெருக்கும் செடி, பழத்தைத் தாராளமாகப் பறியுங்கள். அதற்காகப் பாதையைவிட்டு இறங்கி மற்ற செடிகளை மிதிக்காதீர்கள். ஆர்க்கிடைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதற்குத் தேசியப் பூங்காவில் தடை இருக்கிறது. தடையை விடுங்கள், வீட்டுத் தொட்டியில் அதற்குப் பூச்சி எங்கிருந்து வரும்?

மாமா ஊருக்குப் போய்ப் பத்து நாளில் ஒரு படம் அனுப்பினார். எலுமிச்சையில் சுருண்ட இலை. "இது அதுதானா?" என்று கேட்டிருந்தார். ஓரமெல்லாம் கடித்திருந்தது, உள்ளே கறுப்பாகப் புழுக்கை. சாதாரணப் புழுதான் என்று பதில் போட்டேன். மறுநாள் காலை போன் வந்தது.

"ராத்திரி மாமரத்தடியில முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேண்டா. கொசுக்கடிதான் மிச்சம்."

"சிவப்புத் தாள் ஒட்டினீங்களா மாமா?"

"ஒட்டினேன். உங்க அத்தைதான் நடுவுல வந்து டியூப்லைட்டைப் போட்டுட்டா."