பெரியவர்களுக்கு எழுத்தறிவு: புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் சேர்வதும் தேறுவதும்

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கான திட்டம் இது. அவர் இதைப் படிக்கப் போவதில்லை. எனவே வீட்டில் படிக்கத் தெரிந்த மகளோ பேரனோ, சொல்லிக்கொடுக்க முன்வரும் தன்னார்வலரோ படிப்பதாக வைத்துக்கொண்டே எழுதுகிறோம்.

ஒன்றிய அரசின் செயலியிலும் சான்றிதழிலும் ‘உல்லாஸ்’ என்று இருக்கும். தமிழ்நாட்டு மையங்களில் ‘புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். 2022 முதல் 2027 வரை ஐந்து நிதியாண்டுகளுக்கு 1,037.90 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 700 கோடி ஒன்றிய அரசின் பங்கு, மீதி மாநிலங்களுடையது. ஆண்டுக்கு 1 கோடி பேர் வீதம் நாடு முழுக்க 5 கோடி பேர் இலக்கு. இங்கே பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. மையங்களில் பெண்களே நிறைந்திருப்பது ஏன் என்பதற்கு இந்தக் கடைசி இரண்டு எண்களே பதில்.

15 வயது நிறைந்த, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம். மேல் வயது வரம்பு கிடையாது. சாதிச் சான்றோ வருமானச் சான்றோ தேவையில்லை. கட்டணம் இல்லை, உதவித்தொகையும் இல்லை. சொல்லிக்கொடுப்பவருக்கும் மதிப்பூதியம் கிடையாது, முழுக்கத் தன்னார்வப் பணி. இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘பணம் வரும்’ என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தவர்கள் இரண்டாவது மாதம் நின்றுவிடுவார்கள்.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர் ‘எனக்குத்தான் எழுதத் தெரியுமே’ என்று ஒதுங்கிக்கொள்வது வழக்கம். சோதிக்க எளிய வழி உண்டு. மாரியம்மாள் என்று எழுதுபவரிடம் அதே எழுத்துகளை வைத்து ‘மாமா’ என்றோ ‘மாரி’ என்றோ எழுதச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அவர் தன் பெயரைக் கோலம்போல வரைகிறார், எழுதவில்லை. அவரும் இத்திட்டத்துக்கு உரியவரே.

சேர்வதற்கு அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்தால் போதும். கணக்கெடுப்பும் பதிவும் பள்ளி வழியாகவே நடக்கின்றன. அங்கே விவரம் கிடைக்காவிட்டால் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநரைக் கேட்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பதிவின்போது பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். வீட்டில் அழைக்கும் பெயரைக் கொடுத்துவிட்டால் சான்றிதழிலும் அதுவே அச்சாகும். பிறகு திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்கும்.

பாடம் மொத்தம் 200 மணி நேரம். நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 100 நாள், ஏறக்குறைய ஆறு மாதத்தில் முடியும். எங்கு, எத்தனை மணிக்கு என்பதைக் கற்போரின் வேலையை ஒட்டி வைப்பதே சரி. நடவு, அறுப்புக் காலத்தில் மாலை ஏழு மணிக்கு முன் யாரும் வரமாட்டார்கள். நூறு நாள் வேலை செய்பவர்களுக்கு வேலை நடக்கும் இடத்திலேயே, உணவு இடைவேளையை ஒட்டி நடத்துவது நன்றாக எடுபடுகிறது. ஒருவர் பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பலகையையும் பார்த்துத் திருத்த முடியாது.

இனி, எங்கே இடறுகிறது என்று பார்க்கலாம்.

முதல் தடை பாடத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து. ‘மண்டையில ஏறல’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் எழுத்தே கண்ணுக்குத் தெரிந்திருக்காது. புத்தகத்தை ஒருவர் கையை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறார் என்றால் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது 247 எழுத்து. அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தொடங்கினால் ‘ஔ’ வருவதற்குள் பாதிப் பேர் காணாமல் போவார்கள். கோடு கோடாக இழுக்க வரும் ட, ப, ம மூன்றையும் முதலில் கொடுங்கள். கூடவே புள்ளியும் துணைக்காலும். இந்த ஐந்தை வைத்தே படம், மடம், பட்டம், மாடம், பட்டா என்று வாசித்துவிடலாம். இரண்டாம் நாளே ‘பட்டா’ என்ற சொல்லைத் தானாக வாசித்தவர் மூன்றாம் நாள் கட்டாயம் வருவார்.

கொம்பு வரும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் குறி. துணைக்கால் ‘ர’போல இருப்பதால் ‘பொடி’யை ‘பெரடி’ என்று வாசிப்பார்கள். இது மறதி இல்லை, கண்ணில் பட்டதை ஒழுங்காக வாசிக்கிறார்கள் என்றே பொருள். ‘கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி’ என்று அட்டையில் எழுதி, கொம்பு, ப, கால் மூன்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டிக் காட்டினால் பிடிபடும்.

எழுத்துக்கூட்டிச் சரியாக வாசித்துவிட்டு ‘என்ன அர்த்தம்?’ என்று கேட்பதும் நடக்கும். ‘செல்கிறேன்’ என்பது அவர் வாயில் ‘போறேன்’. முதலில் அவர் பேசுவதையே அவர் பேசுகிறபடி எழுதிக்காட்டி வாசிக்க வையுங்கள். எழுத்துத் தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இலக்கணம் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

கணக்கில் அவர்கள் நம்மைவிடக் கெட்டி. காய்கறி விற்பவர் முக்கால் கிலோவுக்கு விலையை வாயாலேயே சொல்லிவிடுவார். தடுமாற்றம் எண்ணை எழுதுவதில்தான். நூற்றைந்தை 1005 என்று எழுதுவார், ஏனென்றால் காதில் விழுவது ‘நூறு’, ‘ஐந்து’. நூறு ரூபாய்த் தாள், பத்து ரூபாய்த் தாள், ஒரு ரூபாய்க் காசு என மூன்று கட்டம் போட்டு, நடுக்கட்டம் காலி என்றால் அங்கே 0 என்று காட்டுங்கள்.

200 மணி நேரம் முடிந்ததும் அடிப்படை எழுத்தறிவுத் தேர்வு. வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, எண்ணறிவுக்கு 50, மொத்தம் 150 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 33 விழுக்காடு, அதாவது 17 எடுக்க வேண்டும். நேரம் 3 மணி. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, படித்த பள்ளியிலேயே நடக்கும். தேறியவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் ஒன்றியக் கல்வி அமைச்சகமும் சேர்ந்து சான்றிதழ் வழங்குகின்றன. தேறாதவரைத் ‘தோல்வி’ என்று குறிக்க மாட்டார்கள். ‘மேம்பாடு தேவை’ என்று வரும், மறுபடி எழுதலாம். இதைத் தேர்வுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பேரப்பிள்ளை சிரிக்குமே என்ற கூச்சத்தில் தேர்வு நாளன்று வராமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

சான்றிதழால் என்ன பயன் என்பதில் குழப்பம் நிறைய. இது எட்டாம் வகுப்புச் சான்று ஆகாது. எட்டாம் வகுப்பு கேட்கும் வேலைக்கு இதைக் காட்ட முடியாது. மேலே படிக்க விரும்புகிறவருக்கு இரண்டு வழி. திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி என மூன்று நிலைகள் உள்ளன. அவை முறையே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்கு இணை. இன்னொன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும், முன்பு பள்ளிக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

சான்றிதழைவிடச் சீக்கிரம் கைகொடுப்பது வங்கியில் கைநாட்டை மாற்றுவது. கைநாட்டுக் கணக்குக்குப் பொதுவாகக் காசோலைப் புத்தகம் தரமாட்டார்கள். பணம் எடுக்க ஒவ்வொரு முறையும் நேரில் போக வேண்டும். கணக்கு உள்ள கிளைக்கு ஆதார், பாஸ்புக், புகைப்படத்துடன் போய், மாதிரிக் கையெழுத்தைப் பதிவுசெய்யக் கோரி மனு கொடுக்க வேண்டும். அதற்கு முன் வீட்டில் ஒரே மாதிரி பத்து முறை போட்டுப் பார்க்கட்டும். புதிதாக எழுதுபவரின் கையெழுத்து நாளுக்கு நாள் மாறும். பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்புவது அதனால்தான். எல்லா எழுத்தும் தெரியும் முழுப்பெயரையே கையெழுத்தாக வைத்துக்கொள்வது நல்லது, சுருக்கக் கிறுக்கல் வேண்டாம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் மட்டும் பெருவிரல் ரேகையை மறுபடி வைக்கச் சொல்வார்கள். மனம் கோண வேண்டாம், அங்கே முனைவர் பட்டம் வாங்கியவரும் விரல் ரேகை வைத்துத்தான் ஆக வேண்டும்.