அப்பா பக்கத்துச் சொந்தங்களையும் சொல்லுங்கள்

"குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று கேட்டேன். "யாருக்கும் இல்லை டாக்டர்" என்றார். வயது 38, இடது மார்பில் கட்டி. பயாப்சிக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கூட வந்த கணவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்: "உன் அத்தை கீமோவுக்குப் போனாங்களே, அதைச் சொல்லலையா?"

ஒரு அத்தைக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய். இன்னொரு அத்தை "வயிற்றில் கட்டி" வந்து 46 வயதில் இறந்திருக்கிறார். துருவிக் கேட்டால், அது சினைப்பை. ஏம்மா முதலிலேயே சொல்லவில்லை என்றேன். "அது அப்பா பக்கம் டாக்டர். நான் அப்படியே அம்மா ஜாடை."

இந்த ஆண்டில் இந்தப் பதிலைக் கேட்பது நான்காவது முறை. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முகஜாடைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. மூக்கும் கண்ணும் அம்மாவுடையவை என்பதால் மரபணு முழுவதும் அம்மாவுடையது ஆகிவிடாது. அம்மாவை உரித்து வைத்தது போலிருக்கும் மகளுக்கும் பாதி அப்பாவிடமிருந்துதான் வந்திருக்கிறது. பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மரபணுக்கள் இரண்டு: பிஆர்சிஏ1 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பிஆர்சிஏ2 13ஆவதில். இரண்டும் ஆண், பெண் எல்லோருக்கும் உள்ளவை. அப்பாவிடம் பழுதான பிரதி ஒன்று இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர 50 சதவீத வாய்ப்பு. ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அரிது, சினைப்பையும் கிடையாது. அதனால் அப்பா 80 வயதிலும் ஒரு நோயும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கலாம். பழுது மகளிடம் இருக்கலாம். அப்படிப்பட்ட பழுது உள்ள பெண்களில் 100க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. முன்பே தெரிந்தால் 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கலாம். "அப்பா பக்கம்தானே" என்று ஒதுக்குகிற விஷயமா இது?

"அக்காவுக்கு வந்துவிட்டது, இனி எனக்கு வராது" என்பவர்களும் உண்டு. ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு மிஞ்சாமல் போக இது சொத்துப் பங்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகத்தான் சுண்டப்படுகிறது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் குடும்பக் கதையைக் கேட்கிறோம்.

கேட்கும்போது வயதையும் கேளுங்கள். "வயசாகிப் போனார்" என்பார்கள், கணக்குப் பார்த்தால் 52 இருக்கும். 80 வயதில் மாரடைப்பு வந்த தாத்தாவைவிட 48 வயதில் தூக்கத்திலேயே போன சித்தப்பாவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரிய வேண்டும். "வயிற்றில் கட்டி" என்றால் எந்த உறுப்பில்? அத்தை என்றால் அப்பாவுடன் பிறந்தவரா, மாமாவின் மனைவியா? சித்தியும் அப்படித்தான். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல், எனக்கு வேண்டியது இரத்த உறவு மட்டும்.

பழைய பயாப்சி ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மரபணுப் பரிசோதனையை, முடிந்தவரை, நோய் வந்தவருக்கே முதலில் செய்ய வேண்டும். அவரிடம் இன்ன பழுது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். அவர் போன பிறகு நாங்கள் இருட்டில் துழாவுகிறோம். பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். "அந்தப் பேச்சை எடுக்காதே" என்பார்கள். பேத்திக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த 38 வயதுப் பெண்ணுக்கு பிஆர்சிஏ1 பழுது உறுதியாகிவிட்டது. சிகிச்சை நடக்கிறது. தம்பியை வரச் சொல்லியிருந்தேன். "எனக்கு எதுக்கு டாக்டர், நான் ஆம்பளை" என்றபடிதான் வந்து உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு மகள்கள். ஒரு தாளில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று குடும்பத்தை வரைந்து, இரண்டு அத்தைகளையும் அக்காவையும் கறுப்பாக நிரப்பி, அவருடைய சதுரத்துக்குக் கீழே இரண்டு சின்ன வட்டங்களைப் போட்டுக் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வருகிறார்.