ஒண்ணாங்கிளாஸ் குழந்தைய வாய மட்டும் அசைக்கச் சொல்லாதீங்க

பெங்களூர்ல அல்சூர் பக்கம் ஒரு பிரைமரி ஸ்கூல்ல மியூசிக் டீச்சரா இருக்கேன், சாயந்திரம் வீட்டுல பாட்டு கிளாஸும் எடுக்கறேன். ஆனுவல் டே சீசன் வந்துட்டா போதும், வேற வேற ஸ்கூல்ல படிக்கற குழந்தைங்களோட அம்மாக்கள் எங்கிட்ட வந்து கேக்கறது இதான்: "மேடம், என் பையன கடைசி ரோல நிக்க வச்சு நீ பாடாத, வாய மட்டும் அசைன்னு சொல்லிட்டாங்களாம், அவனுக்கு குரலே இல்லியா?" ஆறு வயசுக் குழந்தைக்கு இப்படி முடிவு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது, ஏன்னா சுருதி சேர்க்கறதுங்கறது பிறக்கும்போதே வர்றது இல்ல, அது பழகிப் பழகி வர்றது. ஏழு எட்டு வயசு வரைக்கும் நிறைய குழந்தைங்களுக்கு பேசற குரல் எது, பாடற குரல் எதுன்னே பிடிபட்டிருக்காது. நிஜமாவே ஸ்வர வித்தியாசம் காதுல ஏறாதவங்க ரொம்ப ரொம்ப அபூர்வம்.

பாதி நேரம் தப்பு சுருதிப் பெட்டிலதான். பாட்டு டீச்சர்கள்ல பெண்கள் முக்கால்வாசிப் பேர் 5 இல்லாட்டி 5½ கட்டைல பாடுவோம் (கட்டைங்கறது சாவ எந்த உயரத்துல வைக்கறோம்ங்கற அளவு), நம்ம தொண்டைக்கு அது சுகம். ஆனா அந்த சா குழந்தைக்கு ரொம்ப கீழ. சின்னக் குழந்தைக்கு வசதியான இடம் நம்ம 5 கட்டைக்கு மேல, அடுத்த ஸ்தாயில வர்ற 2 கட்டை (எண் சின்னதா இருந்தாலும் சுருதி மேல) சால ஆரம்பிச்சு அங்கிருந்து பா, தா வரைக்கும், அவ்ளோதான். மேல் சா கூட இப்போ அவசரம் இல்ல. நம்ம சுருதில சரளி வரிசைய, அதான் முதல் ஸ்வரப் பாடத்த, ஆரம்பிச்சா குழந்தை சா, ரி, க மூணையும் தொண்டைய அமுக்கி உறுமும், இல்லன்னா தனக்கு எட்டற வேற ஏதோ சுருதில பாடும், உடனே நாம அபஸ்வரம்னு சொல்லிடறோம். சினிமா பாட்டும் இதே கதைதான், ஆண் பாடகர் பாட்டுல குழந்தைங்க கீழ போய் முனகும், உச்சஸ்தாயி பாட்டுல கத்தும்.

நான் பண்றது என்னன்னா, முதல்ல குழந்தைய சும்மா ஏதாவது ஒரு ஸ்வரம் பாடச் சொல்லிட்டு நான் போய் அதுல சேர்ந்துக்குவேன். ரெண்டு குரலும் ஒண்ணா சேர்ந்தா எப்படி இருக்கும்னு அதுக்கு அப்பதான் முதல் தடவையா புரியும், முகமே மாறிடும், அதுக்கப்புறம் மெதுவா அரை கட்டை மேல கூட்டிட்டுப் போவேன். கீபோர்ட தட்டி "இத பாடு"ன்னா பல குழந்தைங்களுக்கு வராது, பக்கத்துல இன்னொரு குழந்தை பாடினா வரும். ஆம்புலன்ஸ் சத்தம் மாதிரி ஊஊன்னு மேலயும் கீழயும் போகச் சொல்லுங்க, பாடற குரல் தானா வெளிய வரும்.

புரந்தரதாசர் வகுத்ததுன்னு சொல்ற மாயாமாளவகௌளை ராகப் பாடம் மேல எனக்கு அவ்ளோ மரியாதை, ஆனா அதுல சாவுக்கும் ரிக்கும் நடுவுல இருக்கற சின்ன இடைவெளிய அஞ்சு வயசுக் காது பிடிக்கறது கஷ்டம். அதனால மோகன ராகத்துல ஆரம்பிக்கறேன், அஞ்சே ஸ்வரம், எதுவும் நெருக்கமா இல்ல. குழந்தைங்களுக்கு இசை சொல்லிக்குடுக்கற முறைகள வகுத்த இசையமைப்பாளர்கள், ஹங்கேரில கோடாயும் ஜெர்மனில ஆர்ஃபும் கூட குழந்தைங்களுக்கு அஞ்சு ஸ்வர ராகத்துலதான் தொடங்கச் சொன்னாங்க. முதல்ல பா-க, பா-க, அவ்ளோதான். தெருவுல பசங்க ஒருத்தர ஒருத்தர் பேர இழுத்துக் கூப்பிடறப்போ கவனிச்சுப் பாருங்க, பெரும்பாலும் அந்த இறக்கம்தான் வரும். ஆதி தாளம் விரல் எண்றதெல்லாம் அப்புறம், முதல்ல பாட்டுக்கு ஏத்த மாதிரி காலடி வச்சு நடந்தா போதும்.

பாட்டுல படிப்படியா எழுதற கிரேட் எக்ஸாம் எப்போ எழுதலாம்னு கேக்கறவங்களுக்கு, ஒண்ணாங்கிளாஸ்ல வேண்டாங்க.

ரெண்டு விஷயம் மட்டும் அலட்சியமா விடாதீங்க. அடிக்கடி சளி பிடிக்கற குழந்தைக்கு காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டு சரியா கேக்காம இருக்கலாம், டிவி சத்தத்த கூட்டிக்கிட்டே போனா, கூப்பிட்டா திரும்பலன்னா இஎன்டி டாக்டர்கிட்ட காட்டி ஹியரிங் டெஸ்ட் எடுங்க. இன்னொண்ணு குரல் கம்மல். கத்திக் கத்திப் பாடற, விளையாடற குழந்தைங்களுக்கு குரல் நாண்ல சின்ன முடிச்சு மாதிரி வரும், பெரும்பாலும் கத்தறத குறைச்சு வாய்ஸ் தெரபி எடுத்தாலே சரியாயிடும். ரெண்டு மூணு வாரமா கரகரன்னே இருந்தா இஎன்டி கிட்ட போங்க, தெரபிக்கு நம்ம ஊர்லயே ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்காங்க, மைசூர்ல ஆல் இந்தியா இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்பீச் அண்ட் ஹியரிங்கும் இருக்கு. கஷாயம் குடுத்து மேடைக்கு அனுப்பாதீங்க.

ஸ்கூல்ல கரோக்கி டிராக் போட்டாங்கன்னா அது எந்த சுருதின்னு கேளுங்க, மொபைல் ஆப்லயே ஏத்தி இறக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை. ரிகர்சல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, டான்ஸ் செட் ஆனதுக்கப்புறம் யாரும் டிராக்க தொட மாட்டாங்க. அப்பவும் வாய மட்டும் அசைன்னு சொன்னா, என் குழந்தை பாடட்டும் மேடம், மைக் வேணா தள்ளி வச்சுக்கோங்கன்னு தைரியமா சொல்லுங்க.