ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, இறுக்கமா, புழுக்கமா?

'ஒரே ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு' என்று சொல்லாதவர் இன்று யாருமில்லை. பேச்சில் ஸ்ட்ரெஸ், எழுத உட்கார்ந்தால் 'மன அழுத்தம்'. அலுவலகத்தில் டார்கெட் வைத்து நெருக்குகிறவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் பொருந்திப் போகிறது. மாதக்கணக்கில் வீட்டில் தனியாக இருக்கிறவருக்கு இதே சொல்லைப் போட்டால்தான் இடிக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும் மகன், "உனக்கென்னம்மா ஸ்ட்ரெஸ்? சமைச்சு, சாப்பிட்டு, டிவி பாத்துட்டு நிம்மதியாத்தானே இருக்கே?" என்று கேட்கிறான். அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அம்மாவை அழுத்துவது எது என்று தேடுகிறான், ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஸ்ட்ரெஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேருக்குப் போனால் வேறு படம் கிடைக்கிறது. லத்தீனில் 'ஸ்ட்ரிங்கெரே' என்றால் இழுத்து இறுக்குதல். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நெருக்கடி, துன்பம்' என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் பொறியியல் இதைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது: ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை. நம் இயற்பியல் பாடநூல்களில் இதற்குத் 'தகைவு' என்று பெயர். தகைவால் பொருளில் ஏற்படும் உருமாற்றம் 'திரிபு', அதாவது ஸ்ட்ரெயின்.

உடலையும் மனதையும் குறிக்கும் இன்றைய பொருளைப் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்த ஹங்கேரியர். கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வு செய்தவர். 1936இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், ஓயாமல் ஓடவிட்டாலும், நச்சு மருந்து கொடுத்தாலும் உடல் ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டியது: சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி பெருத்தது, நெஞ்சுக்குள் உள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. முதலில் உடல் பதறுகிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, கடைசியில் ஓய்ந்துவிடுகிறது என்று மூன்று கட்டமாக அதை விளக்கினார். இந்த நிலைக்குத்தான் பின்னர் ஸ்ட்ரெஸ் என்ற பெயர் நிலைத்தது. தன் ஆங்கிலம் அப்போது இன்னும் தேறியிருந்தால் 'ஸ்ட்ரெயின்' என்றே வைத்திருப்பேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். அவர் பார்த்தது வெளியிலிருந்து வரும் விசையை அல்ல, உள்ளே நேரும் திரிபை.

அதனால் தமிழில் 'மன இறுக்கம்' வேருக்கு மிக நெருக்கம். தோள்பட்டை, தாடை, நெற்றி எல்லாம் விறைத்துக்கொள்வதையும் அது சொல்லிவிடுகிறது. கால் உளைச்சல் என்று சொல்லிப் பழகிய நமக்கு 'மன உளைச்சல்' உள்ளேயே குடையும் வலி. வீட்டுத் தனிமைக்கென்று ஒரு சொல் கேட்டால் நான் 'மனப்புழுக்கம்' என்பேன். பொருநராற்றுப்படையில் வெந்த இறைச்சிக்குப் 'புழுக்கு' என்று பெயர். புழுங்கல் அரிசி இன்றும் நம் அடுக்களையில் இருக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் வெளியே போக வழியில்லாத வெக்கைதான் புழுக்கம். தனியாக இருக்கிறவர் மனதுக்குள் நடப்பதும் அதுதான். கவலை பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியே போக வழியில்லாமல் இருந்தால் போதும்.

தொல்காப்பிய உரியியலில் 'புலம்பே தனிமை' என்று ஒரு நூற்பா உண்டு. புலம்பு என்றாலே தனிமை என்றுதான் பொருள். இன்று வாய்விட்டு அரற்றுவதை அப்படிச் சொல்கிறோம். தனித்திருக்கும் அப்பா போனில் அரை மணி நேரம் தண்ணி மோட்டாரையும் கரண்ட் பில்லையும் பற்றிப் புலம்பினால், அவர் சொல்வது தன் தனிமையைத்தான்; தயவுசெய்து குறுக்கே பேசி நிறுத்தாதீர்கள்.

புழுக்கம் என்று பார்த்தால், செய்ய வேண்டியதும் தெளிவாகும்: வழி திறப்பது. பால் பாக்கெட்டை வீட்டுக்கே வரவழைக்காமல் கடைக்கு நடந்து போய் வாங்கலாம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கம் ஒழுங்குக்கு வரும்; கடைக்காரரோடு நாலு வார்த்தையும் ஆகும். மதியச் சாப்பாட்டுக்கும் விளக்கு வைப்பதற்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் பலருக்கு நகரவே நகராது. அந்த நேரத்துக்கென்று கைவேலை ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது: கீரை ஆய்வது, பூத்தொட்டி, தையல். நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓடினால் புழுக்கம் கூடும். நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். நெஞ்சு படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுங்கள், இதயத் துடிப்பு தணியும்.

இதை 'மனச்சோர்வு' (டிப்ரெஷன்) என்ற நோயோடு போட்டுக் குழப்பக் கூடாது. நாளிதழ்கள் இரண்டுக்குமே 'மன அழுத்தம்' என்று எழுதுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நோய் வந்தவரும் 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று இருந்துவிடுகிறார். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.